கை சிறியது, குழல் நீளம்: லோ விசில் எதை வாங்குவது?

கேள்வியின் சாரம் இது: ஊதுமுனையும் ஆறு துளையும் உள்ள சின்ன அயர்லாந்துக் குழலான டின் விசிலில் சாதாரண டி ஓரளவு கைவந்துவிட்டது. அதன் நீண்ட, தாழ்ந்த சுருதி வடிவமான லோ விசிலின் கனத்த அடிக்குரல் பிடித்துப்போய்விட்டது. ஆனால் கை சிறியது. லோ டி ஒன்றை வாங்கிப் பிடித்துப் பார்த்தால் கடைசித் துளைக்கு மோதிர விரல் எட்டவில்லை. இழுத்துப் பிடித்து எட்டினாலும் கீழ் ஸ்வரம் நிற்காமல் கீச்சென்று மேல் ஸ்தாயிக்குத் தாவிவிடுகிறது. எந்த விசில் வாங்கினால் சரிவரும்?

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். லோ டியை இப்போதைக்கு ஒதுக்கிவைத்துவிட்டு லோ ஜி வாங்குங்கள். டியில் வாசிக்கும் மற்றவர்களோடு சேர்ந்து வாசிக்க வேண்டும் என்றால் ஏ. இல்லை, லோ டிதான் வேண்டும் என்று மனம் அடம்பிடித்தால் அதற்கும் வழி உண்டு. ஆனால் அங்கே விசிலைத் தேர்ந்தெடுப்பது பாதி வேலைதான், மீதிப் பாதி விரல் வைக்கும் முறையை அடியோடு மாற்றிக்கொள்வது.

பெயர்க் குழப்பத்தை முதலில் தீர்த்துக்கொள்வோம். ஆறு துளையையும் மூடி ஊதினால் வரும் ஸ்வரம்தான் விசிலின் பெயர். நம் சுருதிக் கணக்கில் டி என்றால் 2 கட்டை, சி 1 கட்டை, பி ஃப்ளாட் ஆறரை, ஏ 6, ஜி 5, எஃப் 4, ஈ ஃப்ளாட் இரண்டரை. வழக்கமான டி விசிலிலிருந்து படிப்படியாக இறங்கினால் சி, பி ஃப்ளாட், ஏ, ஜி, எஃப், ஈ ஃப்ளாட் என்று போய், சரியாக ஒரு ஸ்தாயி கீழே லோ டியில் வந்து நிற்கும். 'லோ' என்ற அடைமொழி பொதுவாக ஜியிலிருந்து கீழே உள்ளவற்றுக்கு. ஏ எல்லைக்கோட்டில் நிற்கிறது, சிலர் லோ ஏ என்பார்கள், சிலர் ஏ என்று விட்டுவிடுவார்கள். விற்பனைப் பட்டியலில் 'லோ பி ஃப்ளாட்' என்று கண்டால் நீளத்தைப் பார்த்த பிறகே பணம் கட்டுங்கள். 40 செ.மீ.க்குள் இருந்தால் அது சாதாரண பி ஃப்ளாட். அதன் இரு மடங்கு இருந்தால் லோ டியையே தூக்கிச் சாப்பிடும் அளவு பெரிய குழல், உங்களுக்கு ஆகாது.

இனி விஷயத்துக்கு வருவோம். துளைகளை ஊதுமுனைப் பக்கத்திலிருந்து 1 முதல் 6 வரை எண்ணிக்கொள்ளுங்கள். எல்லாம் மூடினால் ஸ. ஆறாவதைத் திறந்தால் ரி, அடுத்து ஐந்தையும் திறந்தால் க, பிறகு ம, ப, த, நி. சங்கராபரணம் அப்படியே குழாயில் துளையிடப்பட்டிருக்கிறது. இதில் ரிக்கும் கவுக்கும் நடுவே முழு ஸ்வர இடைவெளி, கவுக்கும் மவுக்கும் நடுவே அரை. அதனால் 5, 6 துளைகளுக்கு நடுவேதான் கீழ்க் கையின், அதாவது 4, 5, 6 துளைகளை மூடும் கையின், அகலமான இடைவெளி விழுகிறது. அந்த இடைவெளியைத் தாண்ட வேண்டிய இரண்டு விரல்கள் நடுவிரலும் மோதிர விரலும். கையில் ஒன்றைவிட்டு ஒன்று விலக மிகவும் அடம்பிடிக்கும் ஜோடி அதுதான். கை பெரியவர்களுக்கே லோ டியின் ஆறாவது துளை தகராறு செய்வதற்குக் காரணம் இது. சிறிய கைக்குச் சொல்லவே வேண்டாம்.

குழல் எவ்வளவு நீள்கிறதோ, துளை இடைவெளியும் ஏறக்குறைய அதே விகிதத்தில் நீளும். ஒவ்வொரு அரை ஸ்வரம் இறங்கும்போதும் சுமார் 6 சதவீதம் கூடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் டி விசிலில் நான்காவது துளையின் மையத்திலிருந்து ஆறாவதின் மையம் வரை ஸ்கேல் வைத்து அளந்து, இந்தப் பெருக்கங்களைப் போட்டுப் பாருங்கள்:

சி: 1.12
பி ஃப்ளாட்: 1.26
ஏ: 1.33
ஜி: 1.5
எஃப்: 1.68
ஈ ஃப்ளாட்: 1.89
லோ டி: 2

டி விசிலில் அந்த இடைவெளி ஏறத்தாழ 40 மி.மீ. இருக்கும். அப்படியானால் ஏ விசிலில் 53, ஜியில் 60, எஃபில் 67, லோ டியில் 80 மி.மீ. உண்மையில் லோ டி செய்பவர்கள் இதை அப்படியே விடுவதில்லை. மனிதக் கை என்று ஒன்று இருக்கிறதே என்று துளைகளைச் சற்று நெருக்கியே போடுவார்கள், 80 என்பது எழுபது சொச்சத்துக்கு வரும். எவ்வளவு நெருக்குகிறார்கள் என்பது தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். இரண்டு லோ டிகளுக்கு இடையே சில மில்லிமீட்டர் வித்தியாசம் சாதாரணம், சிறிய கைக்கு அந்தச் சில மில்லிமீட்டர்தான் வாழ்வும் சாவும்.

அடுத்து உங்கள் கையை அளக்க வேண்டும். மேஜைமேல் கையை விரித்துவைத்து அளப்பது வீண், தட்டையான பரப்பில் எல்லோர் கையும் பெரியதாகத்தான் தெரியும். 22 முதல் 25 மி.மீ. குறுக்களவுள்ள ஒரு குழாயையோ கைப்பிடிக் கம்பையோ எடுத்து, வெள்ளைத் தாள் சுற்றி ஒட்டுங்கள். விசில் பிடிப்பதுபோல் கீழ்க் கையின் ஆள்காட்டி, நடு, மோதிர விரல்களை வைத்து, முடிந்த மட்டும் விரித்து, ஆள்காட்டி விரலின் சதை மையத்தையும் மோதிர விரலின் சதை மையத்தையும் பென்சிலால் குறியுங்கள். அதுதான் உங்கள் முழு விரிவு. அதில் ஐந்தில் நான்கு பங்குதான் வாசிக்க உதவும் விரிவு என்பது என் கணக்கு. விரல் எட்டினால் மட்டும் போதாதே, எட்டிய இடத்தில் நொடிக்குப் பல தடவை எழுந்து விழவும் வேண்டும். முழு விரிவு 75 மி.மீ. வந்தால் பயன்படும் விரிவு 60. அவருக்கு ஜி இயல்பாக அமையும். முழு விரிவு 66தான் என்றால் பயன்படும் விரிவு 53, ஏ விசிலோடு வழக்கமான பிடி முடிகிறது. ஜி வேண்டுமானால், பின்னால் சொல்லப்போகும் சாய்ந்த பிடி தேவைப்படும்.

இடைவெளியைப் போலவே முக்கியமானது விரலின் பருமன், இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். லோ டியின் ஐந்தாவது துளை 10, 11 மி.மீ. வரை போகும். மெல்லிய விரலின் சதை அதன்மேல் உட்கார்ந்தால் ஓரத்தில் மயிரிழை இடைவெளி விடும், அது போதும் ஸ்வரம் கெட. விரல் நுனியை ஸ்டாம்ப் பேடில் தொட்டு, அதே குழாயில் சுற்றிய தாளில் வாசிக்கும் அழுத்தத்தில் ஒற்றிப் பாருங்கள். விழும் கறையின் குறுகலான அகலம், துளையின் குறுக்களவைவிட இரண்டு பக்கமும் ஒன்றரை மி.மீ.யாவது கூடுதலாக இருக்க வேண்டும். 12 மி.மீ. அகலமுள்ள கறைக்கு 9 மி.மீ. துளைவரை பயமில்லை. அதற்கு மேல் விரல் நுனியை நம்ப முடியாது, நடு எலும்புப் பகுதியின் சதையால் மூட வேண்டியதுதான்.

விசில் கையில் இல்லாமலே ஒத்திகை பார்க்கவும் இதே குழாய் போதும். விற்பவரிடம் ஆறு துளைகளின் மைய இடைவெளிகளைக் கேட்டு வாங்கி, அந்த இடங்களில் 10 மி.மீ. வட்ட ஸ்டிக்கர்களை ஒட்டுங்கள். விரலுக்குத் தட்டுப்படும்படி ஸ்டிக்கரை இரண்டு, மூன்று அடுக்காகப் போடலாம். பத்து நிமிடம் அதில் ஸவிலிருந்து மவரை, மவிலிருந்து ஸவரை விரலோட்டம் செய்யுங்கள். ஐந்தாவது நிமிடத்தில் கட்டைவிரலின் அடிச்சதையோ மணிக்கட்டோ பேசத் தொடங்கினால் அந்த விசில் உங்களுக்கு இல்லை.

இப்போது சுருதிகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். சி விசிலை லோ விசிலுக்கான படிக்கட்டாக வாங்குவது வீண் செலவு. குரல் டியோடு ஒட்டியேதான் இருக்கும், கைக்கும் புதுப் பாடம் எதுவும் கிடைக்காது. பி ஃப்ளாட் மலிவாகக் கிடைக்கும் முதல் படி. ஜெனரேஷன் என்ற தயாரிப்பின் விசில்களில் மிகத் தாழ்ந்தது அதுதான், பித்தளைக் குழாய், பிளாஸ்டிக் தலை. டி விசில் பிடித்த கை அதை ஒரு வாரத்தில் பழகிவிடும். குரல் இறங்குகிறது, ஆனால் லோ விசிலின் அந்த மூச்சு கலந்த அடிநாதம் இன்னும் வராது. எட்டு, ஒன்பது வயதுக் குழந்தை 'பெரிய விசில்' கேட்டால் இதற்குக் கீழே போகாதீர்கள்.

ஏ விசில் சிறிய கைக்காரர்களின் ரகசிய ஆயுதம். அதன் ஸ 6 கட்டை, ம 2 கட்டை, அதாவது டி. மத்யம ஸ்ருதி வைத்து வாசிப்பது நமக்குப் பழக்கமான சங்கதிதானே? மவையே ஸவாக எடுத்துக்கொண்டால் ஏ விசிலில் டி ஸ்கேல் முழுதும் வரும். ஒரே ஒரு இடத்தில் காகலி நிஷாதத்துக்குப் பதிலாக அரை ஸ்வரம் தாழ்ந்த கைசிகி நிஷாதம் வேண்டும். முதல் துளையைத் திறந்து, 2, 3ஐ மூடி, மற்றதைத் திறந்துவிட்டால் பெரும்பாலான விசில்களில் அது கிடைத்துவிடும். சில விசில்களில் இன்னும் ஒரு துளையைச் சேர்த்து மூட வேண்டியிருக்கும், சுருதி காட்டும் ட்யூனரில் பார்த்துக்கொள்ளுங்கள். லாபம் என்னவென்றால், டியில் உள்ள மெட்டு மந்த்ர பஞ்சமம் வரை இறங்கினாலும் ஏ விசில் தாங்கும், டி விசிலில் அது கிடையாது. ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். இப்படி வாசிக்கும்போது டியின் ஸ, சாதாரண டி விசில் நிற்கும் அதே உயரத்தில்தான் நிற்கும், ஒரு ஸ்தாயி கீழே இறங்காது. குரல் தடிமனாக, முனை மழுங்கி இருக்கும், அவ்வளவுதான். ஒரு ஸ்தாயி கீழேதான் வேண்டும் என்பவருக்கு லோ டியைத் தவிர மாற்று இல்லை.

ஜி விசிலில்தான் லோ விசிலின் உண்மையான குரல் தொடங்குகிறது. ஸவில் நின்று மெதுவாக ஊதினால் மார்பில் அதிர்வு தெரியும், மேல் ஸ்தாயி வலியில்லாமல் வரும், மூச்சும் லோ டி அளவுக்குச் செலவாகாது. நீளம் சுமார் 45 செ.மீ., கை அதிகம் நீள வேண்டாம், மணிக்கட்டு மடங்காது. ஜி, சி ஸ்கேல்கள் எளிதாக வரும். டி ஸ்கேல் வராது. அதற்கு ம அரை ஸ்வரம் மேலேறிப் பிரதி மத்யமமாக வேண்டும், மூன்றாம் துளையில் அரைத்துளை (துளையைப் பாதி மட்டும் மூடுவது) பிடித்துக்கொண்டே இருக்க வேண்டியதாகிவிடும். தனியாகவோ சுருதிப் பெட்டியோடோ வாசிப்பவருக்கு இது ஒரு பொருட்டே இல்லை. எந்தக் கட்டையில் வாசிக்கிறீர்கள் என்று யாரும் அளக்கப்போவதில்லை.

எஃப் விசில், லோ டிக்குப் போக நினைப்பவருக்கான சோதனைச் சாலை. ஜிக்கும் டிக்கும் நடுவில் நிற்பதால், புதிய பிடியை இதில் பழகிக்கொண்டு இறங்கலாம். ஈ ஃப்ளாட் வேண்டாம். கைக்கு லோ டி கொடுக்கும் தொல்லையில் முக்கால்வாசிக்கு மேல் கொடுத்துவிட்டு, சேர்ந்து வாசிக்கவும் உதவாது.

லோ டி என்பது ஏதோ ஆதி வாத்தியம், அதைத் தொடாவிட்டால் விசிலே முழுமையாகாது என்ற எண்ணம் பலருக்கு இருக்கிறது. டின் விசிலைத் தகரத்தில் செய்து ராபர்ட் கிளார்க் விற்கத் தொடங்கியது 1843இல். லோ விசில் வந்தது 1971இல்தான். அயர்லாந்து இசைக்கலைஞர் ஃபின்பார் ஃப்யூரியின் இந்திய மூங்கில் குழல் பயணத்தில் பாழாகிவிட, அதற்கு மாற்றாக இங்கிலாந்தில் கருவி செய்பவரான பெர்னார்ட் ஓவர்ட்டன் உலோகக் குழாயில் செய்து பார்த்ததில் பிறந்தது அது. உடைந்த மூங்கிலுக்கு ஒட்டுப்போடப் போய்ப் பிறந்த வாத்தியத்துக்குப் புனித அளவு என்று ஒன்று இருக்க முடியாது.

சரி, லோ டியே வேண்டும் என்று முடிவெடுத்தவர் அமைப்பில் பார்க்க வேண்டியவை சில உண்டு. முதலாவது, விலகிய துளை. ஆறாவது துளை மற்றவற்றோடு ஒரே கோட்டில் இல்லாமல் பக்கவாட்டில் தள்ளி இருக்கும். மோதிர விரல் நடுவிரலைவிடக் குட்டை. அதற்காகத் துளையே அதன் பக்கம் நகர்ந்து வந்து நிற்கிறது. வலது கையைக் கீழே வைப்பவருக்கு ஆறாவது துளை வலப்பக்கம் விலக வேண்டும். மூன்றாவது துளையும் விலகியிருந்தால் அது இடப்பக்கம் போகும். குழாயின் சுற்றில் துளை எங்கே இருந்தாலும் சுருதி மாறாது. நீளவாக்கில் எங்கே இருக்கிறது, எவ்வளவு பெரியது என்பதுதான் சுருதியைத் தீர்மானிக்கிறது. அதனால் விலக்குவதில் இசைக்கு எந்த நஷ்டமும் இல்லை. அடிப்பகுதி தனியே கழன்று திரும்பும் விசில் கிடைத்தால் இன்னும் நல்லது, உங்கள் விரலுக்கு ஏற்ற கோணத்தில் திருப்பி நிறுத்திக்கொள்ளலாம். இடது கையைக் கீழே வைப்பவர்கள், நிலையாக விலக்கப்பட்ட துளையுள்ள விசிலை வாங்கும்முன் திசையைக் கேட்டுக்கொள்ளுங்கள். திசை மாறியிருந்தால் விலகாத துளையைவிட அது மோசம்.

இரண்டாவது, துளையின் அளவு. சிறிய துளையை மேலே தள்ளிப் போட்டாலும், பெரிய துளையைக் கீழே போட்டாலும் ஒரே சுருதி வரும். சிறிய கைக்குச் சாதகம் முதலாவது. இடைவெளி குறைகிறது, மெல்லிய விரலும் மூடுகிறது. விலை என்ன? அந்த ஸ்வரம் கொஞ்சம் மங்கும். ரி மற்றவற்றைவிடச் சன்னமாக, போர்த்தியதுபோலக் கேட்கும். வீட்டில் வாசிப்பவருக்கு இது ஒரு குறையே இல்லை. முழங்கும் சத்தம் வேண்டும் என்று விளம்பரப்படுத்தும் விசில்களில் பெரிய துளைகளும் அகலக் குழாயும் இருக்கும், அவற்றிலிருந்து விலகியே இருங்கள்.

மூன்றாவது, குழாயின் உட்கூடு. அடி நோக்கிக் குறுகிவரும் கூம்புக் குழாயில் துளைகள் சிறுத்து, நெருங்கி அமையும். தகரத்தைச் சுருட்டிச் செய்த கிளார்க் விசில் கூம்புதான். லோ டியிலும் கோப்லாண்ட் பித்தளை விசில் போலக் கூம்பு வடிவங்கள் உண்டு. நேர்க்குழாய் லோ டியில் தோற்றவர் கூம்புக் குழாயில் ஜெயிக்க வாய்ப்பு அதிகம். எடையையும் கவனியுங்கள். கெட்டிச் சுவருள்ள அலுமினியக் குழலின் பாரம் முழுக்கக் கீழ்க் கட்டைவிரலில் இறங்கும். டிக்ஸன் போன்றவர்கள் செய்யும் பிளாஸ்டிக் லோ விசில்கள் இலேசானவை, குளிரில் உலோகம்போல் சில்லிடுவதும் இல்லை. எட்டாத துளைக்கு மூடிச் சாவி, அதாவது விரலால் அழுத்தித் துளையை மூடும் நெம்பு, பொருத்திய விசில்களும் செய்கிறார்கள். எட்டும், உண்மைதான். ஆனால் அந்தத் துளையில் கமகம்போல் இழைக்க முடியாது, அரைத்துளை போய்விடும், சாவியின் அடியில் உள்ள மெத்தை தேய்ந்தால் காற்று கசியும். வேறு வழியே இல்லாத கைக்கு மட்டும் அது.

இனி பிடி. டி விசிலில் விரல் நுனிச் சதையால் மூடிப் பழகியிருப்பீர்கள். லோ டியில் ஆள்காட்டி, நடுவிரல்களின் நடு எலும்புப் பகுதியும் மோதிர விரலின் நுனிச் சதையும் துளைமேல் உட்கார வேண்டும். பைப்பர் பிடி என்பார்கள், காற்றுப்பை வைத்து வாசிக்கும் பைப் வாத்தியக்காரர்களிடமிருந்து வந்தது. விரல்களை வளைக்காமல் நீட்டி, நுனிகள் குழலின் அடிப்பக்கம் நோக்கிச் சற்றே சரியும்படி கையைச் சாய்க்க வேண்டும், அதற்கு முழங்கை விலாவை விட்டு விலக வேண்டும். ஏன் இது உதவுகிறது? துளை வரிசை இப்போது விரல்களைக் குறுக்கே வெட்டாமல் மூலைவாட்டில் வெட்டுகிறது. ஆள்காட்டியில் நடுப்பகுதி, மோதிர விரலில் நுனி. இந்த இரண்டு இடங்களுக்கும் உள்ள நீள வித்தியாசம், விரலை விரிக்காமலே எட்டும் தூரத்தில் சேர்ந்துகொள்கிறது. 20 பாகை சாய்த்தால் சிறிய கையில்கூட 8 மி.மீ. அளவுக்குக் கிடைக்கும். விரிவதற்கு மறுக்கும் நடு, மோதிர விரல் ஜோடிக்கு அந்த 8 மி.மீ. பெரிய உபகாரம்.

கீழ்க் கட்டைவிரல் நான்காவது, ஐந்தாவது துளைகளுக்கு நடுவே அடியில் இருக்கட்டும். ஆள்காட்டிக்கு மேலே ஏறிப்போனால் கை மூடிக்கொண்டு, எட்டுவது குறைந்துவிடும். சுண்டுவிரல் ஆறாவது துளைக்குக் கீழே குழாயில் சும்மா தொட்டுக்கொண்டு இருந்தால் குழல் ஆடாது. வழுக்கினால் கட்டைவிரல் படும் இடத்தில் சொரசொரப்பான டேப் ஒரு துண்டு ஒட்டுங்கள். வழுக்கும் பயத்தில் இறுக்கிப் பிடிப்பதுதான் பாதி வலிக்குக் காரணம். ஆறாவது துளையைச் சுண்டுவிரலால் மூடுவது இன்னொரு வழி. நடுவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவே விரிவு தாராளம். ஆனால் சுண்டுவிரல் பலவீனமானது, குட்டையானது. துளை நன்றாக விலகியிருந்தால்தான் எட்டும், வேகமான அடிகளில் பின்தங்கும். மோதிர விரல் எவ்வளவு முயன்றும் மசியவில்லை என்றால் கூச்சப்படாமல் இதற்கு மாறுங்கள்.

பழகும் வரிசையில் அவசரம் கூடாது. முதல் வாரம் நாளுக்குப் பத்து நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். மேல் கையின் மூன்று துளைகளை மூடி ம. அது தெளிவாக நின்ற பிறகு நான்காவதை மூடி க, பிறகு ரி, கடைசியாக ஸ. ஒவ்வொன்றிலும் ஒரு முழு மூச்சு நில்லுங்கள்.

ஸ மட்டும் உடைந்து கீச்சிட்டால், எல்லோரும் மோதிர விரலைத்தான் திட்டுவார்கள். பல நேரம் குற்றவாளி வேறு. மோதிர விரல் கீழே நீளும்போது கையே அடிப்பக்கம் இழுபட்டு, நான்காவது துளையில் ஆள்காட்டி ஓரம் தூக்கிக்கொள்ளும். கண்டுபிடிப்பது எளிது. ஆறு துளைகளையும் கொஞ்சம் அழுத்தி மூடிப் பத்து வினாடி வைத்திருந்து, கையை எடுத்து விரல்களைப் பாருங்கள். துளையின் அச்சு முழு வட்டமாக விழுந்திருந்தால் அந்த விரல் சரி. பிறைபோல ஒரு பக்கம் மட்டும் விழுந்திருந்தால், அச்சு இல்லாத பக்கம்தான் கசிவு. விரலை அந்தத் திசையில் ஒரு மி.மீ. நகர்த்திவிட்டு மறுபடி ஊதுங்கள். ஆறு அச்சும் முழு வட்டமாக இருந்தும் ஸ உடைகிறதா? அப்படியானால் விரலில் பிழை இல்லை, மூச்சில் இருக்கிறது. லோ விசிலின் ஸ, டி விசிலுக்குக் கொடுக்கும் வேகத்தில் கொடுத்தால் மேலே தாவத்தான் செய்யும். கண்ணாடியில் ஆவி படர ஊதுவோமே, அந்த வெதுவெதுப்பான மெது மூச்சு போதும். அழுத்தத்தைக் கூட்டி மூடுவது எந்தக் கசிவுக்கும் தீர்வு இல்லை. விரல் விறைக்கும், அடுத்த ஸ்வரத்துக்கு எழ மறுக்கும்.

மூச்சும் உடல்வாகைப் பொறுத்தது. சிறிய உடலுக்குக் காற்றுவழி ஒடுங்கி, ஊதும்போது கொஞ்சம் எதிர்ப்புக் கொடுக்கும் விசில் நல்லது. ஒரே மூச்சில் நீண்ட பிடி வாசிக்கலாம். திறந்த காற்றுவழி உள்ளவை காற்றைக் குடித்துத் தீர்க்கும், நான்கு ஸ்வரத்துக்கு ஒருமுறை மூச்சு வாங்க வைக்கும். ஒடுங்கிய காற்றுவழிக்கும் ஒரு தொல்லை உண்டு. ஈரம் கட்டிச் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். வாசிக்கும்முன் தலைப்பகுதியைக் கையிலோ அக்குளிலோ வைத்துச் சூடேற்றுங்கள். அடைத்தால் சட்டென்று காற்றை உள்ளிழுங்கள். தினமும் அடைத்தால் பாத்திரம் கழுவும் திரவத்தில் ஒரு சொட்டைத் தண்ணீரில் கலந்து காற்றுவழியில் ஓடவிட்டு, துடைக்காமல் காயவையுங்கள். ஈரம் துளியாகத் திரளாமல் படலமாக வழிந்துவிடும். குச்சி, ஊசி எதையும் உள்ளே விடாதீர்கள். காற்றை வெட்டும் அந்த விளிம்பில் ஒரு கீறல் விழுந்தால் விசில் போச்சு.

பிளாஸ்டிக் லோ டி ஏற்கெனவே கையில் இருந்து, ஆறாவது துளை மட்டும்தான் எட்டவில்லை என்றால், புதிது வாங்கும்முன் அதையே திருத்திப் பார்க்கலாம். பழைய துளையின் மையத்திலிருந்து குழாயின் சுற்றில் 6 முதல் 8 மி.மீ. விரல் பக்கம் தள்ளி, நீளவாக்கில் அதே உயரத்தில் குறி போடுங்கள். பழைய துளையை எபாக்ஸி மாவால் அடைத்து, ஒரு நாள் முழுக்க இறுகவிட்டு, கம்பில் சுற்றிய உப்புத்தாளால் உட்பக்கத்தை வழுவழுப்பாக்குங்கள். உள்ளே மேடு விட்டால் அடி ஸ்வரங்கள் எல்லாமே கரகரக்கும். புதுத் துளையை 2 மி.மீ. சிறியதாகத் தொடங்கி, ஊதி ட்யூனரில் பார்த்து, வட்ட அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாக்குங்கள். துளை பெருத்தால் ரி ஏறும், அதைத் திரும்ப இறக்க டேப்தான் ஒட்ட வேண்டியிருக்கும். குழல் சூடேறிய பிறகே அளவு பாருங்கள், குளிர்ந்த குழல் சுருதி குறைத்துக் காட்டும். 5 மி.மீ. மேலேயும் ஏற்றிப் போடலாம், துளையை அதற்கேற்பச் சிறுக்க வேண்டும், ரி மங்குவதற்கும் தயாராக இருக்க வேண்டும். உலோகக் குழலில் இந்த வேலையை நீங்களே செய்யாதீர்கள்.

புதிதாக வாங்குபவர் விற்பவரிடமோ செய்பவரிடமோ கேட்க வேண்டியது: 4லிருந்து 6 வரை மைய இடைவெளி, 1லிருந்து 3 வரை மைய இடைவெளி, மிகப் பெரிய துளையின் குறுக்களவு, குழாயின் வெளிக் குறுக்களவு, எடை, ஆறாவது துளை விலகியதா, விலகியிருந்தால் எந்தப் பக்கம், ஒத்துவராவிட்டால் திருப்பி எடுப்பார்களா. முதல் கேள்விக்கே எண் சொல்லாமல் 'எல்லாக் கைக்கும் சரியாக இருக்கும்' என்று பதில் வந்தால் வேறு இடம் பாருங்கள். விரல் மரத்துப்போவது, மணிக்கட்டில் மின்சாரம் பாய்வதுபோல் இருப்பது, மறுநாள் காலையிலும் கட்டைவிரல் வலிப்பது, இவை பழகினால் சரியாகும் ரகம் இல்லை. வாசிப்பதை நிறுத்திவிட்டு, ஒரு வாரத்தில் போகாவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள். குணமான பிறகு ஒரு படி சிறிய விசிலிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.